மேற்கு வெயிலுக்கு வீட்டு முன்னால் என்ன மரம் வைக்கலாம்?

ஒத்தக்கடைவாசி (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் புது வீடு கட்டி இந்தச் சித்திரையில் குடிவந்தோம். மனை 40க்கு 60 அடி, வாசல் மேற்குப் பார்த்தது. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 18 அடி விட்டிருக்கிறோம். மரம் வைக்கவேண்டும் என்றே விட்ட இடம் அது.

கத்திரி வெயிலில் முன் அறைச் சுவர் சாயங்காலம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. இருட்டி வெகுநேரம் ஆன பிறகும் அந்தச் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த அறையில்தான் அம்மா படுக்கிறார், அவருக்கு 74 வயது. ஏசி வேண்டாம் என்கிறார், மூட்டு வலிக்கிறதாம். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஒரு நிழல் வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது.

நர்சரியில் கேட்டால் கோனோகார்பஸ் வையுங்கள், ரெண்டே வருஷத்தில் வீட்டை மறைத்துவிடும் என்கிறார்கள். மேஸ்திரி வேம்பு என்கிறார். மாமா தேக்கு வைத்தால் பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஆகும் என்கிறார். மண் செம்மண், மூன்றடிக்குக் கீழே சரளை. போர் தண்ணீர் லேசான உப்பு. எந்த மரம் நல்லது, சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி (திண்டுக்கல்)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேம்பு வையுங்கள். மாசியில் இலை கொட்டும், பங்குனியில் தளிர்த்துவிடும், வெயில் ஏறும்போது மரம் நிறைய இலையோடு நிற்கும். சித்திரைப் பிறப்புக்குப் பச்சடிக்குப் பூ கையெட்டும் தூரத்தில். வறட்சி வந்தாலும் தாங்கும். அம்மாவுக்கும் வேப்பங்காற்று நல்லது. வேறு மரத்துக்கு வேலையே இல்லை.

கரிசல்மண் (அருப்புக்கோட்டை)

மரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். செப்டிக் டேங்க் எந்த மூலையில்? மின்கம்பி தெருவில் உங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா? வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எங்கே இறங்குகிறது? மழைத்தண்ணீர் முன்வாசலில் தேங்குமா? இவை தெரியாமல் யார் எந்த மரம் சொன்னாலும் அது அவரவருக்குப் பிடித்த மரம்தான்.

கோனோகார்பஸ் பேச்சை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். அதை நடவும் விற்கவும் தமிழ்நாடு அரசே 2025ல் தடை போட்டுவிட்டது. குஜராத்தில் 2023லேயே தடை. மகரந்தம் மூச்சுக்கோளாறு உண்டாக்குகிறது, வேர் குழாய்களுக்குள் போகிறது என்பவைதான் சொல்லப்பட்ட காரணங்கள். 74 வயது அம்மா படுக்கிற அறை ஜன்னலுக்கு எதிரே அதை வைக்கலாமா?

ஒத்தக்கடைவாசி

நன்றி அண்ணா. செப்டிக் டேங்க் தென்மேற்கு மூலையில், காம்பவுண்டை ஒட்டி. மின்கம்பி தெருவின் எதிர்ப்பக்கம் போகிறது. சர்வீஸ் வயர் முன்வாசலின் தெற்கு ஓரமாக வருகிறது. வடக்குப் பக்கம் முழுக்கக் காலி. மழைக்குத் தண்ணீர் ஒரு நாள் நிற்கும், அப்புறம் வடிந்துவிடும்.

நிழல்கணக்கு (திருச்சி)

இடம் நல்ல இடம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலரும் மரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசாமலே போய்விடுகிறார்கள்.

மதுரைக்கு ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாலு மாதமும் நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கேதான் இருக்கும். அதனால் கோடையில் தெற்குச் சுவருக்கு வெயில் பெரிதாகக் கிடையாது. உச்சி வெயில் மொட்டைமாடியில் விழுகிறது, அதற்கு மரத்தால் ஓரளவுதான் செய்ய முடியும், தட்டு ஓடு பதிப்பதுபோல் வேறு வழி பார்க்கவேண்டும். சுவரைச் சுடவைப்பது இரண்டரை மணியிலிருந்து அஸ்தமனம் வரை சாய்ந்து வருகிற மேற்கு வெயில். சிமெண்ட் சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உள்ளே விடுகிறது. ஆகவே நிழல் முதலில் விழவேண்டியது சுவர் மேல். முற்றத்தில் விழுவது அதற்கு அடுத்தபடி.

மே மாதம் மதுரையில் மாலை 3 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 49 பாகை உயரத்தில் இருக்கும். 4 மணிக்கு 35 பாகை, 5 மணிக்கு 21 பாகை. மரத்தைச் சுவரிலிருந்து 11 அடி தள்ளி வைக்கிறீர்கள், சுவர் 10 அடி உயரம் என்று வையுங்கள். சுவர் முழுவதும் நிழலில் இருக்க, மூன்று மணிக்கு மரம் 23 அடி இருக்கவேண்டும். நாலு மணிக்கு 18 அடி போதும், ஐந்து மணிக்கு 14 அடி போதும். அதாவது ஐம்பது அடி மரம் உங்களுக்குத் தேவையே இல்லை. இருபது, இருபத்தைந்து அடியில் அடர்ந்த குடை இருந்தால் வேலை முடிந்தது.

இன்னொன்று, இது முக்கியம். மே மாதத்து மாலைச் சூரியன் நேர் மேற்கில் இருக்காது. வடக்குப் பக்கமாக 16, 17 பாகை விலகி நிற்கும். அதனால் ஜன்னலுக்கு நேர் எதிரே மரம் வைத்தால் நிழல் ஜன்னலுக்குத் தெற்கே போய் விழும். ஜன்னலின் நடுவிலிருந்து நேராக 11 அடி அளந்து, அந்த இடத்திலிருந்து 3 அடி வடக்கே தள்ளிக் குழி எடுங்கள். உங்கள் செப்டிக் டேங்கும் சர்வீஸ் வயரும் தெற்கே இருப்பதால் இது எல்லா வகையிலும் பொருந்துகிறது.

சரி, இப்போது மரத்தைப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது: சித்திரை முதல் ஆவணி வரை இலை நிறைந்திருக்கவேண்டும், குடை அடர்த்தியாகவும் தாழ்வாகவும் இருக்கவேண்டும், கிளை முறியக்கூடாது, உப்புத் தண்ணீரும் ஒரு நாள் தேங்கும் தண்ணீரும் தாங்கவேண்டும், 18 அடிக்குள் அடங்கவேண்டும், அல்லது கவாத்துக்கு (கிளை கழித்து அடக்குவதற்கு) இணங்கவேண்டும். தேக்கு முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். கோடை முழுக்க இலையில்லாமல் நிற்கிற மரம் அது. வாகையும் தை, மாசியில் மொட்டையாகிக் காய்ந்த நெற்றோடு சலசலத்து நிற்கும், தளிர்க்கத் தாமதமாகும். தூங்குமூஞ்சி மரத்தின் குடை நூறு அடிக்குப் போகக்கூடியது, சாலைக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் உரியது.

என் கணக்கில் மிஞ்சுவது புங்கை, மகிழம், பூவரசு. வேம்பு இவற்றுக்கு அடுத்து.

வேப்பமரத்தடி

வேம்பை நாலாவது இடத்துக்குத் தள்ளிவிட்டீர்களே! எந்த நிபந்தனையில் அது தோற்கிறது என்று சொல்லுங்கள்.

நிழல்கணக்கு

இடத்தின் அளவில்தான், வேறு எதிலும் இல்லை. நன்றாக வளர்ந்த வேம்பு 50, 60 அடி உயரம் போகும், குடையும் ஏறக்குறைய அதே அகலம். அதற்குச் சுவரிலிருந்து 20 அடியாவது வேண்டும் என்பது என் கருத்து. 18 அடி முற்றத்தில் வைத்தால் சில வருஷத்தில் ஒரு பக்கக் கிளை மாடிமேல், மறுபக்கக் கிளை தெருமேல். பிறகு வருஷா வருஷம் வெட்டவேண்டும். வெட்டுகிற ஆள் தனக்கு எட்டுகிற பக்கம்தான் வெட்டுவார், மரம் ஒரு பக்கம் கனத்துச் சாயும். நேராக நிற்கவேண்டிய மரத்தை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வராது. தேங்கும் தண்ணீரும் வேம்புக்கு ஆகாது, ஒரு நாள் என்பதால் பிழைத்துக்கொள்ளும்.

கரிசல்மண்

வேம்பு பற்றி இன்னொரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச வருஷமாகத் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் வேம்பு நுனியிலிருந்து காய்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தீயில் கருகியது போலவே இருக்கும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி தளிரில் சாறு உறிஞ்சுவதும், ஒருவகைப் பூஞ்சணம் கொம்பை நுனியிலிருந்து காயவைப்பதும் சேர்ந்து வருகிற நோய். பயந்து மரத்தை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு, வெட்டக்கூடாது. பெரிய மரங்கள் பெரும்பாலும் மறுபடி தளிர்த்துவிடுகின்றன. காய்ந்த கொம்பைக் கழித்து எரித்துவிட்டால் போதும். இளங்கன்றுக்குத்தான் கஷ்டம்.

எங்கள் ஊர்க் கரிசலில் வேறொரு சங்கதி. கோடையில் மண் வெடித்து அரையடிப் பிளவு விடும். வீட்டுக்கு மிக அருகே பெரிய மரம் இருந்தால் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் இன்னும் சுருங்கி அஸ்திவாரம் இறங்குகிறது, சுவரில் சாய்ந்த விரிசல் வருகிறது. வேர் தள்ளிச் சுவர் உடைந்தது என்று மரத்தின்மேல் பழி. உண்மையில் நடப்பது மண் சுருங்குவதுதான். ஒத்தக்கடைச் செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. இதை வாசிக்கிற கரிசல் நாட்டுக்காரர்கள் மட்டும் சுவரிலிருந்து தூரத்தை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடற்கரைச்சாலை (பட்டுக்கோட்டை)

புயல் கண்ட ஊரிலிருந்து எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தபோது எங்கள் பக்கம் தென்னை தோப்புத் தோப்பாகப் போனது எல்லோருக்கும் தெரியும். வீட்டு மரங்களில் எது நின்றது, எது விழுந்தது என்று அப்போது தெருத்தெருவாகப் பார்த்தேன். குல்மொகர் வேரோடு சாய்ந்து கிடந்தது, அதன் வேர் மேலாகப் படர்வது. இயல்வாகை கிளை கிளையாக முறிந்திருந்தது. முருங்கையைச் சொல்லவே வேண்டாம். புன்னை நின்றது. பூவரசு கொம்பு இழந்தாலும் நின்றது. எங்கள் வீட்டுப் புங்கை ஒரு பெரிய கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது.

ஆனால் மரத்தின் சாதியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சென்னையில் 2016 டிசம்பர் 12 வர்தாவில் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது, அதில் வேம்பும் இருந்தது, புங்கையும் இருந்தது. கால்வாய் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டியிருப்பார்கள், தூரைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருப்பார்கள், கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்திருப்பார்கள். அப்படிப்பட்ட மரம் எந்தச் சாதியானாலும் விழும். மதுரையில் கடல் புயல் நேராக வராதுதான். கோடை மழையோடு வருகிற சூறைக்காற்று வருமே, அது போதும்.

தம்பி, மரத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடியாவது மண்ணாக விடுங்கள். முழு வாசலுக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டு நடுவில் ஒரு ஓட்டை விடுகிற வழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. வேருக்குக் காற்றும் தண்ணீரும் எங்கிருந்து வரும்?

வளவுக்காரி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் வேம்பு இல்லாத வளவு குறைவு. வளவு பெரிதாக இருப்பதால் வேம்பு பொருந்துகிறது, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் வேர் இறங்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும். வேலிக்குப் பூவரசு. கதியால், அதாவது வேலிக்கு நடுகிற கொம்பு, வெட்டி நட்டால் தளிர்த்துவிடும், குழையைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள். உப்புத் தண்ணிக்குப் பூவரசைப்போல் தாங்கும் மரம் குறைவு. விரைவாக நிழல் வேண்டும் என்றால் கையளவு மொத்தமான பூவரசங் கதியால் ஒன்று நட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் பூவரசில் மயிர்க்கொட்டி வரும், காயில் சிவப்புப் பூச்சி கூட்டமாக இருக்கும். அம்மா கீழே கதிரை போட்டு இருக்கிறவ என்றால் அதை யோசிக்கவேண்டும்.

ஒத்தக்கடைவாசி

அக்கா, மயிர்க்கொட்டி என்றால் கம்பளிப்பூச்சிதானே? அப்படியானால் பூவரசு வேண்டாம். அம்மாவுக்குத் தோல் ஒவ்வாமை உண்டு. ஊர் வீட்டில் முருங்கைக் கம்பளிப்பூச்சி பட்டு ஒரு வாரம் தடிப்பு இறங்காமல் இருந்தார்.

வளவுக்காரி

ஓம், அதுதான். அப்ப புங்கைக்கே போங்கோ.

மகிழம்பூ (கும்பகோணம்)

எல்லோரும் புங்கை நோக்கியே போகிறீர்கள். மகிழமரத்துக்காகப் பேச ஒருவர் வேண்டாமா?

வருஷம் முழுக்க இலை. பளபளவென்று கரும்பச்சை இலை, வெயில் ஒரு பொட்டுக்கூடக் கீழே இறங்காது. குடை தானாகவே உருண்டையாக அமையும், அதிகம் வெட்டவேண்டியதில்லை. மெதுவாக வளர்வதால் கட்டை கெட்டி, காற்றுக்கு முறியாது. பூ விடியற்காலையில் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், காய்ந்த பிறகும் வாசம் போகாது. அம்மா அதைப் பொறுக்கிக் கோத்து வைத்துக்கொள்ளலாம். பழம் சிவந்த மஞ்சளில் பழுக்கும், துவர்ப்பும் இனிப்புமாகச் சின்னப் பிள்ளைகள் தின்னும், மைனாவும் குயிலும் வரும். திருவொற்றியூர்க் கோயிலில் மகிழமரம் தலமரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழின் கீழ்தான். கோயில் பிரகாரங்களில் கல் தளத்துக்கு நடுவே பல தலைமுறையாக நிற்கிற மரம், உங்கள் காம்பவுண்டை என்ன செய்துவிடப் போகிறது?

18 அடி இடத்துக்கு என்றே பிறந்த மரம் என்று சொல்வேன்.

நிழல்கணக்கு

மகிழம் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை அக்கா. இந்த இடத்துக்கு மிகப் பொருத்தமான மரம் எது என்று மட்டும் கேட்டிருந்தால் நானும் மகிழம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் நிழல் 74 வயது அம்மாவுக்கு. மகிழங்கன்று இருபது அடி தொட, நல்ல கவனிப்பிலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். புங்கை அந்த உயரத்தை நாலைந்து வருஷத்தில் எட்டிவிடும். எனக்கு இந்த ஒரே காரணம் போதும்.

மகிழம்பூ

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடக்குச் சந்தில் ஒரு மகிழங்கன்றும் வையுங்கள். இன்று வைத்தால்தானே என்றைக்காவது பூக்கும்.

ஒத்தக்கடைவாசி

வடக்குச் சந்து ஐந்தடிதான் அக்கா. பின்பக்கம் கிழக்கே பத்தடி இருக்கிறது, அங்கே வைக்கிறேன்.

மாமா இன்னும் விடவில்லை. தேக்கை விட்டுவிட்டார், இப்போது மா வை, நிழலுக்கு நிழல் பழத்துக்குப் பழம் என்கிறார்.

கரிசல்மண்

மாவின் நிழல் நல்ல நிழல்தான், இலை எப்போதும் இருக்கும். ஆனால் ஒட்டுக்கன்று வைத்தால் கிளை தாழ்வாகப் படர்ந்து வாசலில் ஆள் நடக்க இடம் இருக்காது. கொட்டை போட்டு வளர்த்தால் வேம்பளவு போகும். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்து பிசுபிசுவென்று ஒரு பாகு சொட்டும், கீழே நிற்கிற வண்டி, நாற்காலி எல்லாம் ஒட்டும், பிறகு அதன்மேல் கரும்பூசணம் படியும். மாவைப் பின்பக்கம் வையுங்கள்.

புதுக்குடித்தனம் (செங்கல்பட்டு)

நானும் இதே யோசனையில் இருப்பவள், படித்துக்கொண்டு வருகிறேன். புங்கை வரும் வரையிலான நாலைந்து வருஷத்துக்கு என்ன செய்வது? அதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே.

கடற்கரைச்சாலை

நல்ல கேள்வி அம்மா. பந்தல் போடவேண்டியதுதான்.

மேற்குச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி நாலு குழாய் ஊன்றி, குறுக்கே கம்பி இழுத்து, பக்கவாட்டிலும் வலை கட்டிவிடுங்கள். தை கடைசியில் பீர்க்கு விதைத்தால் சித்திரைக்குப் பந்தல் மூடியிருக்கும். மழைக்காலத்துக்கு அவரை. நிரந்தரமாக ஏதாவது வேண்டும் என்றால் ஓரத்தில் சங்குப்பூ. கொடி சுவரில் ஒட்டக்கூடாது, நடுவில் காற்றுப் போகவேண்டும், அப்போதுதான் சுவர் ஆறும். அம்மா பந்தலுக்குக் கீழே இந்த வருஷமே உட்காரலாம். புங்கை தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு கொடிக்கு வெயில் குறையும், அப்போது பந்தலைப் பிரித்துக் கிழக்கே கொண்டுபோய்க்கொள்ளுங்கள்.

மகிழங்கன்று மட்டும் வைக்க நினைப்பவர்களும் இந்த முறையில் பத்து வருஷத்தையும் ஓட்டலாம்.

ஒத்தக்கடைவாசி

இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் சொன்னேன், பீர்க்கு எந்தப் பக்கம், புடலை எந்தப் பக்கம் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

சரி, புங்கை என்று முடிவாகிவிட்டது. அதன் குறைகளையும் சொல்லிவிடுங்கள், பின்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நிழல்கணக்கு

சொல்கிறேன். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மாசி பங்குனியில் இலை முழுக்க மஞ்சளாகிக் கொட்டும். மரம் வெறுமையாக நிற்பது கொஞ்ச நாள்தான், பிறகு இளம்பச்சையில் மின்னுகிற தளிர் வரும், சித்திரையில் நிழல் முழுசாக இருக்கும். ஆனால் கொட்டுகிற அந்த நாட்களில் தினம் பெருக்கவேண்டும். அடுத்துப் பூ. வெள்ளையும் ஊதாவுமாகச் சின்னப் பூ, வாசலெங்கும் பொரி பரப்பியதைப் போல விழும். தேனீ வரும், கூட்டமாக வரும். பூ உதிர்கிற வாரங்களில் அம்மா வெறுங்காலோடு கீழே நடக்கவேண்டாம், பூவில் தேனீ உட்கார்ந்திருக்கும். அந்த இலையையும் பூவையும் குப்பை வண்டியில் போடாதீர்கள், மரத்துக்கே மூடாக்காகப் போடுங்கள். புங்கை அவரைக் குடும்பத்து மரம், வேர் முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும், அதனால் அதன் இலை மட்கினால் நல்ல உரம்.

இலையில் பச்சைப் பச்சையாகக் கொப்புளம் வரும். பார்ப்பவர்கள் நோய் என்று பயந்து மருந்தடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் உண்டாக்குவது, மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே விடுங்கள்.

காய் தட்டையாக, மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். விதையை உண்ணக்கூடாது, நஞ்சு. எண்ணெய் விளக்குக்கும் சோப்புக்கும் பயன்படும். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் காயைப் பொறுக்கிவிடுங்கள்.

வேர் பற்றி: ஆணிவேர் ஆழமாகப் போகும், பக்க வேரும் உண்டு. பக்க வேரிலிருந்து சில இடங்களில் கன்று கிளம்பும், சிறிதாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். எந்த மரத்தின் வேரும் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. கசிகிற இணைப்பைத் தேடித்தான் போகிறது. உங்கள் செப்டிக் டேங்க் இணைப்புகளை இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டுப் பக்கம் மரத்துக்கு 7 அடி கிடைக்கிறது, அது போதும். இன்னும் நிம்மதி வேண்டும் என்றால் காம்பவுண்டை ஒட்டி மூன்றடி ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் எடுத்துத் தடிமனான பிளாஸ்டிக் தகடு இறக்கி மூடிவிடலாம்.

கவாத்துக்கு நன்றாக இணங்கும் மரம். மாடியைத் தொடுகிற கொம்பை வருஷம் ஒருமுறை கழித்துக்கொள்ளலாம். மொட்டையடிப்பது மட்டும் கூடாது. தலையை வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்புகிற புதுக் கொம்புகள் அடியில் பிடிப்பில்லாதவை, காற்றுக்கு முதலில் முறிவது அவைதான்.

இவ்வளவுதான் குறை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு வேம்பின் கீழும் ஒரு புங்கையின் கீழும் மாறி மாறி நின்று பாருங்கள், எதற்காக இதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

வேப்பமரத்தடி

வேம்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை, ஆனால் 18 அடிக்கு நீங்கள் சொல்வது சரி. ஒத்தக்கடைவாசி, உங்கள் தெருமுனையிலோ கோயில் பக்கத்திலோ பொது இடம் இருந்தால் ஊர்க்காரர்களிடம் கேட்டு அங்கே ஒரு வேம்பு வையுங்கள். அதற்கு அந்த அகலம் வேண்டும்.

ஒத்தக்கடைவாசி

தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. கட்டாயம் கேட்கிறேன் சார்.

நடவு பற்றிச் சொல்லுங்கள். நர்சரியில் எட்டடிப் புங்கை பெரிய பையில் இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம், ஆனால் ரெண்டு வருஷம் மிச்சமாகுமே?

கரிசல்மண்

எட்டடிக் கன்றை வாங்காதீர்கள். பையில் அவ்வளவு நாள் இருந்த கன்றின் வேர் பையின் அடியில் சுருண்டு சுருண்டு கிடக்கும். மண்ணில் வைத்த பிறகும் அந்தச் சுருள் அப்படியே தடிக்கும். மேலே மரம் நன்றாகத் தெரியும், கீழே பிடிப்பு இருக்காது. எங்கள் தெருவில் அப்படி வைத்த மரம் ஒன்று ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கோடை மழைக்காற்றில் சாய்ந்தபோது, வேர் இன்னும் பை வடிவத்திலேயே இருந்தது.

இரண்டு, இரண்டரை அடிக் கன்று போதும். வனத்துறை நாற்றங்கால்களில் புங்கை, வேம்பு, மகிழம் கிடைக்கும். பையைக் கிழித்து அடிவேரைப் பாருங்கள், சுருண்ட பகுதியைக் கத்தரியால் நறுக்கிவிட்டு நடுங்கள். நேராகப் போன சின்னக் கன்று சில வருஷத்தில் அந்தப் பெரிய கன்றைத் தாண்டிவிடும்.

குழி மூன்றுக்கு மூன்று, மூன்றடி ஆழம். உங்களுக்கு அதற்குக் கீழே சரளை என்பதால் கடப்பாரையால் அடியை இன்னும் ஓரடி குத்தி விடுங்கள். மேல்மண்ணைத் தனியாக வைத்து, மட்கிய தொழுவுரம் இரண்டு கூடையும் வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து நிரப்புங்கள், புண்ணாக்கு கரையானுக்கு. பச்சைச் சாணம் போடாதீர்கள், சூடேறி வேர் கருகும். நிரப்பியதும் தண்ணீர் விட்டு ஒரு வாரம் அமர விட்டு, பிறகு நடுங்கள்.

ஒத்தக்கடைவாசி

எப்போது நடலாம்? இப்போது ஆடி. வடகிழக்குப் பருவமழை வரும் வரை காத்திருக்கவா?

கரிசல்மண்

குழியை இப்போதே எடுத்து வெயிலில் காயவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கிடைக்கும், வேர் பிடித்துக்கொள்ளும். மழை முடிந்து தை பிறந்ததும் வாரம் இரண்டு தடவை ஊறத் தண்ணீர். தினம் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், ஆழம் போகாது. தூரில் ஊற்றாமல் ஓரடி தள்ளி வட்டப் பாத்தி கட்டி ஊற்றுங்கள், மரம் வளர வளரப் பாத்தியையும் தள்ளிக்கொண்டே போகவேண்டும். உங்கள் போர் தண்ணீர் லேசான உப்பு என்பதால் மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை அந்தப் பாத்திக்கே திருப்பிவிட்டால் உப்பு கழுவிப் போகும்.

மகிழம்பூ

கீழ்க்கிளைகளை முதல் வருஷமே கழித்துவிடாதீர்கள். அவைதான் தண்டைத் தடிக்கவைக்கின்றன. மூன்றாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்றாக எடுத்துக்கொண்டு போனால், ஆள் நிமிர்ந்து நடக்க ஏழடி கிடைக்கும்.

புதுக்குடித்தனம்

விதை போட்டே வளர்க்கலாமா? எங்கள் அலுவலக வாசலில் அருமையான புங்கை ஒன்று நிற்கிறது, கீழே காய் நிறையக் கிடக்கிறது.

நிழல்கணக்கு

தாராளமாக. எனக்குக் கேட்டால் அதுதான் முதல் வழி என்பேன், ஆணிவேர் ஒருமுறைகூட அறுபடாமல் நேராக இறங்கும். வேப்பங்கொட்டை இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும் திறனை இழந்துவிடும், பழம் விழுந்த கையோடு போடவேண்டும். புங்கன்விதைக்கு அந்த அவசரம் இல்லை, மாதக்கணக்கில் தாங்கும். கெட்டியான பழுப்புக் காயாக எடுத்து, தோட்டை உடைத்து, சுருங்காத விதையாகப் பார்த்து ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். தயாரான குழியில் ஓரங்குல ஆழத்தில் அரையடி இடைவெளியில் மூன்று விதை. முளைத்து ஒரு முழம் வந்ததும் நல்லதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

ஒத்தக்கடைவாசி, உங்களுக்கு நாள் முக்கியம் என்பதால் நீங்கள் கன்றே வையுங்கள். முதல் வருஷம் ஆடு மாடு எட்டாமல் சுற்றிக் கூண்டு கட்டிவிடுங்கள். கன்றுக்கு ஊன்றுகோல் கொடுத்தால் இறுக்கிக் கட்டவேண்டாம், சணலை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு உரம் பெறும். ஒரு வருஷம் ஆனதும் கோலை எடுத்துவிடுங்கள்.

ஒத்தக்கடைவாசி

ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்க ஆள் சொல்லிவிட்டேன். ஜன்னல் நடுவிலிருந்து 11 அடி, அங்கிருந்து வடக்கே 3 அடி. குறி போட்டாயிற்று.